லிசியின் கோட்பாட்டை சேர்ன் உறுதி செய்யவில்லை

அண்ணா, 'சர்ஃபிங் வீரர் காரெட் லிசியின் ஒருங்கிணைந்த கோட்பாட்டை சேர்ன் நிரூபித்துவிட்டது' என்று நீங்கள் போட்டிருப்பது தவறு. ஜெனீவா அருகே உள்ள துகள் இயற்பியல் ஆய்வகமான சேர்ன் 2012ல் அறிவித்தது, மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை கிடைப்பதோடு தொடர்புடைய ஹிக்ஸ் துகளை; அது 1964லேயே கணிக்கப்பட்டது. இயற்கையின் எல்லா விசைகளையும் துகள்களையும் ஈ8 என்ற ஒரே கணித அமைப்புக்குள் அடக்கப் பார்த்த லிசியின் கட்டுரை, ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைப் பதிவேற்றும் ஆர்க்கைவ் தளத்தில் வந்தது 2007 நவம்பரில். அவர் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். பத்திரிகைகள்தான் சர்ஃபிங் பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்கின. எலக்ட்ரான், மியூவான், டாவ் என நிறை கூடிக்கொண்டே போகும் மூன்று தலைமுறையாக வரும் துகள்களை அவர் சொன்ன விதத்தில் ஈ8க்குள் அடக்கவே முடியாது என்று இயற்பியலாளர் டிஸ்லரும் கணிதவியலாளர் கரிபால்டியும் கணித முறையில் நிறுவினார்கள். 2010ல் ஆய்விதழிலும் அது வெளியானது. பென்னாகரம் பிள்ளைகள் இதை அறிவியல் கண்காட்சிக்கு சார்ட்டில் எழுதப்போவதாக மேலே பின்னூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் பதிவைத் திருத்திவிடுங்கள் அண்ணா.