விழுந்தவர் தலைவிதி அல்ல

கல்யாண மண்டபத்தில் விருந்தினர் வழுக்கி விழுந்தால் மண்டபக்காரரிடம் இழப்பீடு கேட்க முடியாது, வாடகை கொடுத்தவர்தான் கேட்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான். பந்திக்கு வந்த விருந்தினரும் அதில் அடக்கம்.

என் அத்தை அப்படித்தான் விழுந்தார். கை கழுவும் இடத்தில் பளபளவென்று மெருகேற்றிய கிரானைட். குழாய்த் தண்ணீரும் சாம்பாரும் கலந்து கிடந்தன; ஒரு சாக்குகூடப் போடவில்லை. இடுப்பு எலும்பு முறிந்தது. "பார்த்து நடக்க வேண்டாமா?" என்றார் மேலாளர். இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

விழுந்ததாலேயே இழப்பீடு கிடைத்துவிடாது. நிர்வாகத்தின் அலட்சியத்தைக் காட்ட வேண்டும். ஆகவே தரையைத் துடைப்பதற்கு முன்பே படம் எடுங்கள். கேமரா பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால், அதைப் பாதுகாக்கச் சொல்லி மண்டப நிர்வாகத்துக்கு உடனே விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்), சேர்ந்ததற்கான சான்றோடு கடிதம் அனுப்புங்கள். மருத்துவமனையில் எங்கே, எப்படி விழுந்தார் என்பதைத் தெளிவாகப் பதியச் சொல்லுங்கள். அவசரத்தில் பலரும் "வீட்டில் விழுந்தார்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு அதுவே எதிராக நிற்கும்.

புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. "நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். பலகை மாட்டியதால் மட்டும் அலட்சியத்துக்கான பொறுப்பு நீங்கிவிடாது.