உறைந்த பைப்பைச் சூடாக்கும்போது குழாயை மூட வேண்டாம்

உறைந்துபோன பைப்பைச் சூடாக்கும் முன் சிங்க் குழாயை இறுக்கி மூடிவிட வேண்டும், இல்லையென்றால் பைப் வெடிக்கும் என்று மேலே ஒரு குறிப்பு இருக்கிறது. மன்னிக்கவும், உண்மை நேர்மாறானது. குழாய் திறந்தே இருக்க வேண்டும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறுவதால்தான் பெரும்பாலும் பைப் பிளக்கிறது, திறந்து வைத்தால் அந்த அழுத்தம் வெளியேறிவிடும், அப்புறம் உருகி ஓடத் தொடங்கும் தண்ணீரே மீதிக் கட்டியையும் கரைக்க உதவும்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் இணையதளத்தில் உறைந்த பைப் பற்றித் தேடுங்கள், குழாயைத் திறந்து வைக்கச் சொல்லியிருப்பதை நீங்களே படிக்கலாம். வீட்டிலும் கண்ணால் பார்க்கலாம்: ஹேர் டிரையர் சூடு ஏற ஏற முதலில் சொட்டும், பிறகு ஒழுகும். பழைய வேகம் முழுதாகத் திரும்பும்வரை சூட்டை நிறுத்தாதீர்கள்.

டொரோண்டோ பக்கம் குளிர் மைனஸ் 20-ஐத் தொடும் நாட்களில் இந்தக் குறிப்பை நம்பி யாரும் குழாயை மூடிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். முடிந்தால் அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.