ஏயா எஃப்பா இல்லை, எழுவானா படுவானா?

கொழும்பு பஸ்ஸில் ஏறும்போதே வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று கணக்குப் பார்த்து உட்காருகிற ஆக்கள் நாம். மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைக்கும் சூரியனை வைத்தே எழுவான்கரை (கிழக்கு), படுவான்கரை (மேற்கு) என்று பேர் வைத்த ஊர். ஆனால் விமான டிக்கெட் என்றதும் அந்த அறிவையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, "யன்னலோரம் ஒண்டு போடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நானும் அப்படித்தான். முதன்முறை கோலாலம்பூர் போனபோது மேலதிகக் காசு கட்டி யன்னல் சீட் எடுத்தேன். போய்ப் பார்த்தால் யன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்! சில 737 விமானங்களில் இறக்கைக்குக் கிட்ட, குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள்ளால் போவதால் ஒரு வரிசைக்கு யன்னலே வைப்பதில்லையாம். மறுகாதான் தெரிந்தது. மூன்றரை மணித்தியாலம் வெள்ளைச் சுவரோடு போனேன்.

இப்ப நான் செய்வது இதுதான். வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் இடையில் நேர்கோடு ஒன்று போடுவேன். விமானம் அந்தக் கோட்டிலேயே போகும் என்றில்லை, ஆனால் எந்தப் பக்கம் என்ன வரும் என்று பிடிபட்டுவிடும். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சென்னைக்குக் கோடு போட்டால் மன்னார்த் தீவும் இராமர் பாலத் திட்டுகளும் இடப்பக்கம், அதாவது படுவான் பக்கம். காலைப் பயணமென்றால் வெயிலும் கண்ணில் குத்தாது. பாங்கொக் கோடு நம்மட மட்டக்களப்புக்கு மேலாலேயே போகிறது! கோலாலம்பூர்க் கோடு கிழக்குக் கரையிலுள்ள பொத்துவிலுக்குக் கொஞ்சம் தெற்கால். நம்மட கரை அதற்கு வடக்கே கிடப்பதால் போகும்போது ஏ (இடப்பக்க யன்னல்), வரும்போது எஃப் (வலப்பக்க யன்னல்). பெரிய விமானமென்றால் வலப்பக்க யன்னல் சீட்டு பெரும்பாலும் கே. இறக்கைக்கு நேரே எடுக்கவே வேண்டாம். அதற்குப் பின்னால் எடுத்தாலும் இயந்திரத்தின் வெக்கையில் காட்சி கானல்போல் நெளியும். முன்பக்கம்தான் என் கட்சி. (செஸ்னா கரவன் மாதிரிச் சின்ன விமானங்களில் இறக்கை தலைக்கு மேலே என்பதால் இந்தக் கவலையே இல்லை.)

போன தை மாதம் கோலாலம்பூரிலிருந்து அப்படித்தான் வலப்பக்கம் முன்வரிசையொன்றில் உட்கார்ந்து திரும்பி வந்தேன். தையில் சூரியன் தெற்கால் ஓடும், வடக்குப் பக்க யன்னலுக்கு வெயில் வராது. கண்ணாடியின் அடியிலுள்ள ஊசித்துளையைச் சுற்றிப் பனி பூப்போலப் படிந்திருந்தது. அதற்கு அப்பால் முதலில் வெள்ளை நூல் மாதிரி அலைக்கரை. பிறகு கோமாரி, திருக்கோவில் என்று வடக்கே நீளும் கரை, கடலோடு ஒட்டியும் ஒட்டாமலும் களப்புகள், விளைந்து மஞ்சளடித்த வயல். உள்ளே சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம், நடுவில் குட்டித் தீவுகளோடு.

எனக்கு முன்சீட்டுக்காரர் யன்னல் மூடியை இழுத்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தூங்கத்தான் போகிறீர்களென்றால் நடைபாதைச் சீட்டு எடுங்களேன் ஐயா!

எனக்குப் பக்கத்தில் நடுச்சீட்டில் இருந்தவர் மூன்று வருசம் கழித்து ஊருக்கு வருகிறாராம். "தம்பி, கொஞ்சம் பின்னுக்குச் சாயுங்க" என்று என் மடிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அந்தா தெரியிறது அக்கரைப்பத்துத்தானே?"

எனக்கு நிச்சயமில்லை. "ஓம் நானா, அதுதான்" என்று சொல்லிவிட்டு, விமானம் கிறுகும்வரை சாய்ந்தபடியே இருந்தேன்.