ஓட்டத்தின் துடிப்பு வரம்பு சைக்கிளுக்குப் பொருந்தாது

“ஓட்டத்தில் நிமிடத்துக்கு 150 இதயத் துடிப்பு எளிய பயிற்சி என்றால் சைக்கிளிலும் அதே 150-ஐத் தொட வேண்டும், இல்லையேல் பயனில்லை” என்று சொல்லப்படுவது சரியன்று. சைக்கிளில் உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்குவதாலும், இயங்கும் தசைகளின் அளவு குறைவதாலும், பல ஆண்டுகள் ஓடிப் பழகியவருக்கு உச்சத் துடிப்பே ஓட்டத்தைவிடப் பெரும்பாலும் 5 முதல் 10 வரை குறைவாக இருக்கும். ஆகவே அதே 150 அங்கே நடுத்தரக் கடுமைக்கு ஏறிவிடக்கூடும். மூச்சு வாங்குவதற்கு முன்பே தொடையின் முன்பக்கத் தசைகள் சோர்ந்துவிடுவதும் ஓட்டக்காரர்களுக்கு வழக்கமானதே (அதை உடல்திறன் குறைவு என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை). சைக்கிளிலேயே 30 நிமிடங்கள் சீரான முழு முயற்சியுடன் மிதித்து, கடைசி 20 நிமிடங்களின் சராசரித் துடிப்பை அடிப்படையாகக் கொண்டு தனி வரம்புகளை வகுத்துக்கொள்ளலாம். வெப்பத்திலும் நீரிழப்பிலும் துடிப்பு தானாகவே ஏறும் என்பதால், எளிய பயிற்சியின்போது தடையின்றிப் பேச முடிகிறதா என்பதையும் கவனியுங்கள்.