விவிஎஸ்-க்குக் கொடுக்கிற காசை வெட்டுக்குக் கொடுங்கள்

வைர மோதிரம் எடுக்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "விவிஎஸ் தானே?" விற்பவரும், "இஎஃப் விவிஎஸ் சார், தைரியமா எடுங்க" என்பார். அத்தோடு கல்லைப் பற்றிய விசாரணை முடிந்து, பேச்சு டிசைனுக்கும் தள்ளுபடிக்கும் போய்விடும். கல் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. கல் மின்னுவதும் மங்குவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

'இஎஃப்' நிறத்தைச் சொல்வது. டி-யில் தொடங்கி இஸட் வரை போகப்போக மஞ்சள் கூடும். 'விவிஎஸ்' தூய்மையைச் சொல்வது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பழகிய கண்ணே தேடிப் பிடிக்க வேண்டிய அளவு சின்னக் குறை என்று அர்த்தம். அதற்கு அடுத்த படி விஎஸ்; அதன் குறை லென்ஸில் தெரியும், சாதாரணமாக வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் கீழே உள்ள எஸ்ஐ1-இல்கூடப் பொறுக்கி எடுத்தால் கண்ணுக்குச் சுத்தமான கற்கள் கிடைக்கும். 30 செண்ட் (வைர எடையில் 100 செண்ட் ஒரு காரட்) வட்டக் கல்லின் விட்டமே சுமார் 4.3 மி.மீ.தான். விரலில் போட்ட பிறகு அது விவிஎஸ்ஸா விஎஸ்ஸா என்று போட்டவருக்கே தெரியாது. பில்லில் மட்டும் தெரியும்.

நம் ஊரில் இந்த விவிஎஸ் மோகத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரக் குற்றங்களுக்குத் தனித்தனியே பெயர் வைத்திருந்தவர்கள் நாம். கரும்புள்ளி இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று, கல்லை இரண்டு மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்து முடிவு செய்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் பயம் கரும்புள்ளிதான் என்றால் விஎஸ் கல்லையே கடைக்காரரிடம் லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள். குறை கறுப்பாக இல்லாமல் வெள்ளையாக, ஓரத்தில் இருந்தால் போதும். மீதிப் பணம் உங்களிடமே இருக்கும்.

நிறத்திலும் இதே கதைதான். மஞ்சள் தங்கத்தில் டி, இ நிறக் கல்லைப் பதிப்பது வீண் செலவு. தங்கத்தின் மஞ்சள் கல்லுக்குள் தெரியத்தான் செய்யும். ஜி, எச் தாராளமாகப் போதும். வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் என்றால் ஒரு படி மேலே, எஃப் அல்லது ஜி எடுக்கலாம்.

இப்போது வெட்டு. வட்டக் கல்லில் 57 அல்லது 58 முகங்கள் இருக்கும். மேலே நுழைகிற ஒளி அடிச்சரிவில் ஒரு பக்கம் மோதி, மறுபக்கம் மோதி, மறுபடி மேலேயே வெளிவர வேண்டும். அடி ரொம்ப ஆழமானால் ஒளி கீழே ஒழுகி, கல்லின் நடு இருண்டு கிடக்கும். ஆழம் குறைந்தால் மீன் கண் மாதிரி உள்ளே ஒரு வெளிறிய வளையம் தெரியும். சர்டிபிகேட்டில் இந்த எண்கள் எல்லாம் இருக்கும். மேல் தட்டு, அதாவது டேபிள், கல்லின் விட்டத்தில் 54 முதல் 58 சதவீதம். மொத்த ஆழம் விட்டத்தில் 60 முதல் 62.5 சதவீதம், மேல் சரிவு 34 முதல் 35 டிகிரி, அடிச் சரிவு 40.6 முதல் 41 டிகிரி. வட்டக் கல் இதற்குள் இருந்தால் அநேகமாக நன்றாக இருக்கும். அடிச் சரிவு 41.5-ஐத் தாண்டியிருந்தால் நான் தொடமாட்டேன்.

தெரிந்தே ஏன் ஆழமாக வெட்டுகிறார்கள்? எடையைக் காப்பாற்றத்தான். விலை எடைக்குத்தானே. நன்றாக வெட்டிய 1 காரட் வட்டக் கல் 6.4, 6.5 மி.மீ. விட்டம் இருக்கும். அதே எடையில் 6.1 மி.மீ. கல்லைக் கொடுத்தால், மேலிருந்து பார்க்க அது 85 செண்ட் கல்தான். மீதி எடை அடியில் ஒளிந்திருக்கிறது. அதனால் எடையோடு விட்டத்தையும் கேளுங்கள். ஓவல், பிரின்சஸ் (சதுரக் கல்) போன்ற வடிவங்களுக்கு மேலே சொன்ன எண்கள் பொருந்தாது. ஓவலில் நடுவே குறுக்காக ஒரு கறுப்பு நிழல் விழுகிறதா என்று கல்லை ஆட்டிப் பாருங்கள்.

கடை விளக்கில் கண்ணாடித் துண்டுகூட மின்னும். மோதிரத்தை வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்திலும், பிறகு மேசைக்கு அடியில் நிழலிலும் பாருங்கள். நிழலிலும் உயிரோடு இருக்கிற கல்தான் நல்ல கல்.

எடையில் ஒரு சூட்சுமம். 50 செண்ட், 1 காரட் என்ற முழு எண்களில் காரட் விலையே ஒரு குதி குதிக்கும். 47 செண்ட் கல்லுக்கும் 50 செண்ட் கல்லுக்கும் விட்ட வித்தியாசம் 0.1 மி.மீ. அளவுதான், விலை வித்தியாசம் அப்படி இருக்காது. அதேபோல் 'மொத்தம் 50 செண்ட்' என்று ஏழு சின்னக் கல் வைத்த மோதிரமும் ஒற்றைக் கல் 50 செண்ட் மோதிரமும் ஒரே விலை ஆகாது. ஒற்றைக் கல் பல மடங்கு அதிகம். விற்கும்போதும் சின்னக் கற்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

சர்டிபிகேட் என்று கடைக்காரர் தானே அச்சடித்த அட்டையைக் கொடுத்தால் அது சர்டிபிகேட் இல்லை. 30 செண்டுக்கு மேல் ஒற்றைக் கல் என்றால் ஜிஐஏ அல்லது ஐஜிஐ என்ற வைர ஆய்வகத்தின் அறிக்கை, அதுவும் கல்லைப் பதிப்பதற்கு முன் உதிரியாகப் பார்த்துக் கொடுத்ததாக இருந்தால் நல்லது. பதித்த கல்லுக்கு நிறத்தையும் தூய்மையையும் துல்லியமாகச் சொல்ல முடியாது. கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரில் அறிக்கை எண் பொறித்திருந்தால் லென்ஸில் படித்துப் பார்த்து, அந்த எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்திலும் போட்டுச் சரிபாருங்கள்.

பில்லுக்கு வருவோம். வைர மோதிரம் பெரும்பாலும் 18 காரட் தங்கம். மோதிரத்துக்குள் தங்கத்தின் தூய்மையைச் சொல்லும் 750 முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி (ஹால்மார்க் அடையாள) எண்ணும் இருக்க வேண்டும். ஹால்மார்க்கை நடத்தும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வரும். 18 காரட் விலை 22 காரட் விலையில் சுமார் 82 சதவீதம். மொத்த எடையில் கல் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். கல் எடையில் காரட் வேறு, தங்கத்தின் தூய்மைக் காரட் வேறு. கல்லில் 1 காரட் 200 மில்லிகிராம்; மோதிரம் 4.200 கிராம், கல் 50 செண்ட் என்றால் தங்கம் 4.100 கிராம். தங்கம், கல், செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி என்று தனித்தனியாக எழுதாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கல் விலையில் தள்ளுபடி என்று பெரிதாகப் போட்டுவிட்டுச் செய்கூலியில் அதை ஈடுகட்டுவது பழைய வித்தை. திரும்பக் கொடுத்தால் காசா, மாற்று நகை மட்டுமா, எத்தனை சதவீதம் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான். கடையில் பேனா மாதிரி வைத்திருக்கிற டெஸ்டர் இதற்கும் இயற்கை வைரத்துக்கும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும். அதனால் எது என்று பில்லில் இருக்க வேண்டும். போட்டு அழகு பார்க்க என்றால் தாராளமாக வாங்கலாம், பெரிய கல்லே வரும். விலை சரிந்துகொண்டே வந்திருப்பதால் திரும்ப விற்கிற கணக்கு மட்டும் வேண்டாம். இயற்கை வைரத்தையும் முதலீடு என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

தினமும் போடுகிற மோதிரத்தில் கல்லைப் பிடித்திருக்கும் உலோக நகம் நான்கைவிட ஆறு இருப்பது நல்லது. ஒன்று தேய்ந்தாலும் கல் நிற்கும். விரல் அளவை மாலையில் எடுங்கள், காலையில் விரல் மெலிந்திருக்கும். சுற்றிலும் கல் வைத்த வளையத்தைப் பின்னால் பெரிதாக்கவோ சின்னதாக்கவோ முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வைரம் எண்ணெயை இழுத்துப் பிடிக்கும். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசையில் ஓடவிட்டு வைரத்தை ஒட்டவைத்துப் பிரித்ததே இந்தக் குணத்தை வைத்துத்தான். தலைக்கு எண்ணெய் தேய்க்கிற கையில் மோதிரம் ஒரே வாரத்தில் மங்குவதும் அதனால்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பத்து நிமிஷம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் கல்லின் அடிப்பக்கம் தேயுங்கள். கழுவும்போது வாஷ்பேசின் ஓட்டையை அடைத்துக்கொள்ளுங்கள். துடைக்கிற துணியின் நூல் நகத்தில் மாட்டினாலோ, காதோரம் ஆட்டும்போது கல் கிடுகிடுத்தாலோ, அன்றைக்கே கழற்றி ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள்.