எனக்கு 11 சதவீதம் இருக்கிறது

சனிக்கிழமை விழா மேடையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோ எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றி, கடைசியில் எனக்கே "சூப்பர் மேடம்" என்று திரும்பி வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கம்பெனியில் நான் எப்போதோ போட்ட பணத்துக்கு இப்போது கதவு அகலத்துக்கு ஓர் அட்டைக் காசோலை அடித்து, ஒரு முனையை என் கையிலும் மறு முனையை அதை நடத்தும் பெண்ணின் கையிலும் திணித்து, "தொழிலைத் துறந்து ஏழைப் பெண்களுக்கு வாழ்வளிக்கும் தாயுள்ளம்" என்று அறிவித்தார்கள். அந்தப் பெண் மைக்குக்காகக் கை நீட்டினார். நேரமில்லையாம். பொன்னாடைக்கு மட்டும் நேரம் தாராளமாக இருந்தது.

நான் யாருக்கும் வாழ்வளிக்கவில்லை. அவர் கம்பெனியில் எனக்கு 11 சதவீதப் பங்கு இருக்கிறது. ஒப்பந்தம் இருக்கிறது, போர்டில் இடம் இருக்கிறது, மாதாமாதம் 10ஆம் தேதிக்குள் கணக்கு வரவில்லை என்றால் 11ஆம் தேதி காலையில் போன் போடுவேன். தர்மம் செய்கிறவர்கள் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்பார்களா?

இதைப் பத்து இடத்தில் சொல்லிவிட்டேன், யார் காதிலும் ஏறவில்லை. நான் பணம் போட ஆரம்பித்த காலத்தில் ஏஞ்சல் டாக்ஸ் என்று ஒன்று இருந்தது. 2012இல் கொண்டுவந்து 2024 பட்ஜெட்டில்தான் எடுத்தார்கள். பங்கின் நியாயமான மதிப்பைவிட அதிகம் போட்டால் அந்த அதிகத்தைக் கம்பெனியின் வருமானமாகப் பார்த்து வரி கேட்பார்கள். அதனால் இந்த விலை ஏன் என்பதற்கு ஒவ்வொரு தடவையும் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி ஃபைலில் வைத்தோம். வருமான வரித்துறைக்கே இது முதலீடு என்று புரிந்தது. விழாக் கமிட்டிக்குப் புரியவில்லை.

"புகழ்ந்துதானே சொன்னார்கள், இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்பீர்கள். என்னைப் புகழ்ந்தார்கள், சரி. அவரை என்ன செய்தார்கள்? அடுத்த வாரம் அவர் ஓர் எக்ஸ்போர்ட்டரிடம் விலை பேசப் போகிறார். எதிரே உட்காரும் ஆள் அந்த வீடியோவைப் பார்த்திருப்பார். யாரோ ஓர் அம்மா இரக்கப்பட்டுத் தூக்கிவிட்ட பொண்ணு என்று நினைத்துக்கொண்டுதான் கிலோவுக்கு விலை சொல்வார். உங்கள் ஒரு போட்டோவுக்கு அவர் கொடுக்கும் விலை அது.

அவரிடம் ஏன் பணம் போட்டேன் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்கி விற்கிறார். முதல் தடவை போனபோது ஷெட்டில் ஒரு மூட்டை தனியாகக் கிடந்தது. பிரித்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் நொறுக்கி, வெளிச்சத்தில் காட்டினார். ஓரத்தில் லேசாகப் பழுப்பு. எனக்கு அது பச்சையாகத்தான் தெரிந்தது. "இது நாலு மணி நேரம் லேட்டா டிரையர்ல ஏத்துனதுங்க அக்கா, குவிச்சு வெச்சதுல உள்ளுக்குள்ள சூடேறிப்போச்சு. இத அனுப்புனா அடுத்த ஆர்டர் வராது" என்றார். பக்கத்தில் ஒரு நோட்டு. எந்தத் தோட்டத்து இலை, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை டிகிரி, காய்ந்தபின் எடை, எல்லாம் பென்சிலில். முப்பது வருஷம் இரும்பு வார்க்கும் பவுண்டரி நடத்தியவள் நான். ரிஜெக்‌ஷனை ஒளித்துவைக்காமல் வந்தவரிடம் முதலில் எடுத்துக் காட்டுகிற முதலாளியை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். இதில் இரக்கம் எங்கே வந்தது?

அவரிடம் பிரசன்டேஷன் இல்லை. ஆங்கிலம் தடுமாறும். பெங்களூரில் பணம் போடுகிறவர்களில் தெரிந்த ஆள் கிடையாது. அதனால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. யாரும் போகாததால் எனக்கு நியாயமான விலைக்குப் பங்கு கிடைத்தது. கணக்கு இவ்வளவுதான். சுயநலம் என்று வேண்டுமானால் திட்டுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

"அரசாங்கத் திட்டங்கள் இருக்கிறதே" என்று ஒரு நண்பர். இருக்கிறது, நல்ல திட்டங்கள்தான். மத்திய அரசின் ஸ்டாண்ட்-அப் இந்தியா 2016இல் வந்து 2025 வரை இருந்தது, பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கும் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. ஆனால் அது பேங்க் கடன். சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் தவணை வந்து நிற்கும். புதுக் கம்பெனிகளுக்கான தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டத்தில் பணம் கொடுத்து 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். கவனியுங்கள், அரசாங்கமே பங்கு எடுக்கிறது. நான் எடுத்தால் மட்டும் தாயுள்ளமா?

"திறமையைப் பார்க்காமல் பெண், சின்ன ஊர் என்று பார்த்துப் பணம் போடுவது சரியா?" இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் வயதைத் தாண்டிவிட்டேன். ஒரே காலேஜ், ஒரே பேட்ச், ஒரே கிளப் என்று பணம் போடும்போது யாராவது திறமையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்களா? "லாபம் வந்ததா?" என்றும் கேட்கிறார்கள். நான் பணம் போட்ட கம்பெனிகளில் ஒன்று மூடியாயிற்று, இரண்டு நன்றாகப் போகிறது, மீதியைப் பார்க்கலாம். இது அப்படித்தான் இருக்கும்.

நான் பவுண்டரியை விற்ற அதே சமயத்தில் தன் கம்பெனியை விற்ற ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். அவரும் இதையேதான் செய்கிறார். அவரை மேடையில் ஏற்றும்போது "முன்னணி முதலீட்டாளர்". பணம் எங்கே போகிறது, எந்தத் துறை வளரும் என்று கேட்கிறார்கள். என்னிடம் கேட்டது, "ரிட்டயர்மென்ட் வாழ்க்கை எப்படிப் போகுது?" பம்ப் காஸ்டிங் போட்டுக்கொண்டிருந்த காலத்திலும் இதேதான். ஆர்டர் பேச வருகிறவர் என் சீட்டில் என்னைப் பார்த்துவிட்டு, "சார் எப்ப வருவாருங்க?" என்பார். அந்தச் சார் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், பாவம், அவருக்கு உலையில் எரிக்கும் கோக்குக்கும் அதில் உருக்கும் பிக் அயர்னுக்கும் வித்தியாசம் தெரியாது. சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கினால் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006லேயே சட்டம் வந்துவிட்டது. நாலு மாசமானாலும் பணம் வராது. கேட்டால் "என்னங்க மேடம், இவ்வளவு கறாரா இருக்கீங்க" என்று சிரிப்பார்கள். ஷெட் முழுக்க ஆர்டரும் கையில் சம்பளத்துக்குப் பணம் இல்லாமலும் நின்ற மாசங்கள் இருக்கின்றன. இப்போது 45 நாளில் கொடுக்காவிட்டால், பணத்தைக் கொடுக்கிற வருஷத்தில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். நல்லது. எனக்கு உதவவில்லை, முருங்கைப் பொடி விற்கிறவருக்கு உதவும். போன மாதம் அவருடைய பாக்கிப் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வரிசையாகப் போன் போட்டோம். நான் பேசியதைக் கேட்டிருந்தால் தாயுள்ளம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முப்பது வருஷம் நடத்தியதைத் "துறந்தேன்" என்கிறார்கள். துறக்கவில்லை ஐயா. விலை பேசி, சண்டை போட்டு, நல்ல விலைக்கு விற்றேன்.

இதைப் படித்துவிட்டு இன்பாக்ஸில் "அம்மா, எனக்கும் உதவி செய்யுங்கள்" என்று எழுதப்போகிறவர்களுக்கு: உதவி கிடையாது. போன வருஷ ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் இரண்டையும் அனுப்புங்கள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று மறைக்காமல் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள். படித்துவிட்டு நானே கூப்பிடுகிறேன், விலை பேசலாம்.