ஏற்றத்தையும் கணக்கில் எடுங்கள்

குளிரில் மின்சாரக் கார் ஓடும் தூரம் குறையும் என்பது சரிதான். ஆனால் திருகோணமலையிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு நுவரெலியா போகிறவர்களுக்குக் குளிரைவிட ஏற்றம்தான் பெரிய செலவு. ஏறக்குறைய 1,870 மீற்றர்! ஆட்கள், சாமான்களோடு 1,800 கிலோ வரும் காரை அவ்வளவு உயரம் ஏற்றவே 9 கிலோவாட் மணி மின்சாரம் போய்விடும். 24 கிலோவாட் மணி பற்றரி உள்ள பழைய நிசான் லீஃப் காரில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் கண்டியில் சாப்பிட நிற்கும்போதே சார்ஜ் போட்டுவிடுங்கள். கண்டி தாண்டி நுவரெலியா ஏறும் வழியில் றம்பொடை வளைவுகளில் பற்றரிச் சதவீதம் கண்முன்னே இறங்கும், பதற வேண்டாம். ஹீற்றரும் பற்றரியைத்தான் தின்னும். சீற் சூடாக்கி இருந்தால் அதுவே போதும், அம்மம்மாவுக்கு ஒரு கம்பளி. அப்புறம், மேலே முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பற்றரியில் இடமிருக்காது.